நாற்பது கோழிகளும் ஒரு குடையும்

எங்கள் ஆலயக் கதவில் சென்ற மாதம் ஒரு கியூஆர் கோடு ஒட்டியிருக்கிறார்கள். உள்ளே நுழைகிறவர்கள் தொலைபேசியை அதன் முன்னால் ஒரு கணம் பிடிக்க வேண்டும், வந்ததாகப் பதிவாகிவிடும். கர்த்தருக்கு ஏற்கெனவே தெரிந்த செய்திதான், இப்போது செயலாளருக்கும் தெரிகிறது. புதிய போதகர் இளம் வயதுக்காரர், மரியாதை தெரிந்தவர். முப்பத்து மூன்று வருஷம் உபதேசியாராக இருந்து, இரண்டு முழங்கால்களும் ஒரே வாரத்தில் ராஜினாமா செய்ததால் ஓய்வுபெற்றவன் நான். அந்த மரியாதைக்காக என்னிடம் வந்து கேட்டார்:

"ஐயா, ஒங்க காலத்துல இப்பிடி ஒண்ணும் இல்லையே, யார் யார் வந்தாங்க, என்ன செஞ்சாங்கன்னு எப்பிடித் தெரிஞ்சிக்கிட்டீங்க?"

"எங்ககிட்ட கோழி இருந்துச்சுங்க," என்றேன்.

அவர் என் வயதை நினைத்து இரக்கத்தோடு தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். எனக்கு ஐம்பத்தெட்டுத்தான். ஆகவே இதை எழுதிவைப்பது அவசியமாகிறது.

உபதேசியார் என்றால் போதகர் செய்யாத எல்லாவற்றையும் செய்கிறவர். இரண்டு வருஷப் பயிற்சியில் நான் கற்றது மூன்று விஷயம்: ஆர்மோனியத்தை நான்கு விரலால் வாசிப்பது, செத்தவரைத் தெரியாமலே அவரைப் பற்றி ஏழு நிமிஷம் பேசுவது, தேயிலைத் தொழிலாளரின் எந்த லயத்து வீட்டிலும் பாலில்லாத பிளேன்டீயை மறுக்காதிருப்பது. கிரேக்கமும் சொல்லிக்கொடுத்தார்கள், அகரவரிசையில் பாதி வரைக்கும் இன்னும் ஞாபகம் இருக்கிறது. பிறகு மாத்தளைப் பக்கத்துப் பலாபத்வல ஆலயத்துக்கு அனுப்பினார்கள். ஞாயிறு அங்கே; மற்ற நாட்களில் பஸ் ஏறி எல்கடுவ தோட்டத்துச் சிற்றாலயத்துக்கும் லயங்களுக்கும். என் ஊழியத்தின் பெரும்பகுதியை மணியடித்தும், சபையார் உட்காரும் வாங்குகளைத் துடைத்தும், தேநீர் குடித்தும் கழித்தேன். இறையியல் எனக்கு நேராக வந்து மோதியது போதகர் தர்மசீலன் வந்த பிறகுதான்.

போதகர் தர்மசீலன் மெலிந்தவர், மென்மையாகப் பேசுகிறவர். யாரையும் 'நீர்', 'உம்' என்றுதான் சொல்வார். வீட்டு நாயையும் "வாரும்" என்றே அழைத்தார், அது வரவில்லை. சட்டைப்பையில் எப்போதும் மூன்று பென்சில்கள், மூன்றும் ஊசி முனையாக. கோடு என்றால் அடிமட்டம் வைத்துத்தான் போடுவார். பன்னிரண்டு வருஷமும் அவர் செய்தது ஒரே பிரசங்கம். வாசகம் மாறும், உதாரணம் மாறும், முடிவு மாறாது: மனிதன் தன் கிரியைகளால் எதையும் சம்பாதிக்க முடியாது; கடவுளுடைய கிருபையை விசுவாசத்தால் சும்மா பெற்றுக்கொள்ளத்தான் முடியும். 'கிருபை' என்ற சொல்லுக்கு முன்னால் மூன்று தரம் தொண்டையைச் செருமுவார். சபை அதற்காகக் காத்திருக்கும். மூன்றாவது செருமலில் தூங்குகிறவர்கள் எழுந்துகொள்வார்கள்.

பிரசங்கம் முடிந்ததும் அறிவித்தல் வாசிப்பார். ஒரு ஞாயிறு, கிருபை இலவசம் என்று நாற்பது நிமிஷம் நிரூபித்த கையோடு, அதே செபமேடையில் நின்று 'ஊழிய அட்டை'யை அறிமுகப்படுத்தினார்.

மஞ்சள் அட்டை, நாற்பது கட்டம். ஆலயத்துக்கு ஒரு வேலை செய்தால் ஒரு கட்டத்தில் ஒரு முத்திரை. முத்திரையில் ஒலிவ இலையோடு புறா இருக்க வேண்டும் என்று மாத்தளை டவுனில் ரப்பர் முத்திரை செய்கிறவரிடம் சொல்லிவிட்டு வந்தேன். அவர் வாழ்க்கையில் புறாவை உற்றுப் பார்க்காதவர். வந்தது நல்ல கொழுத்த கோழி, வாயில் புழு. திருப்பிக் கொடுக்கலாம் என்றேன். போதகர் முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதுவும் கர்த்தருடைய சிருஷ்டிதான்," என்றார். அடுத்த ஞாயிறு முதல் சபையார் "எனக்கு எத்தன கோழி?" என்று கேட்கத் தொடங்கினார்கள். முத்திரையும் நீல மையும் என் பொறுப்பு. என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த ஒரே அதிகாரம் அதுதான். அதை நான் அனுபவித்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

விதிகள் பன்னிரண்டு. கூட்டினால் ஒரு கோழி. வீட்டுப் பூ கொண்டுவந்தால் ஒன்று. கடைப் பூவுக்கு அரை. அரைக் கோழி என்றால் தலைப் பக்கமா வால் பக்கமா என்று கமிட்டியில் ஒரு மணித்தியாலம் பேசினோம். முதல் அரைக்குத் தலை, இரண்டாவது அரைக்கு வால், இரண்டையும் ஒட்டினாற்போல் குத்தினால் ஒரு முழுக்கோழி என்று நான்தான் தீர்த்துவைத்தேன். எஸ்தர் அக்காவுக்கு இரண்டரை அட்டை நிறைந்துவிட்டது. மிஞ்சியதில் முப்பது கோழியைக் கட்டாரில் வேலை செய்யும் மகன் பேருக்கு மாற்றித் தரும்படி கேட்டார். "அவனுக்கு அங்க சர்ச்சுக்குப் போக லீவு இல்ல உபதேசியாரே, பாவம்." இப்படித்தான் ஏழாம் விதி பிறந்தது: கோழி பிறருக்கு மாற்றத்தக்கதல்ல.

நாற்பது நிறைந்தவர்களுக்கு மூன்று உரிமை: ஆராதனையில் வாசகம் வாசிக்கலாம், டிசம்பரில் நத்தார் பவனியில் சிலுவை சுமக்கலாம், கல்யாணத்தில் மணப்பெண்ணைக் கைப்பிடித்து அழைத்து வரலாம்.

மூன்றாவது உரிமைதான் சாலமனை என்னிடம் கொண்டுவந்தது.

சாலமனைப் பலாபத்வலயில் எல்லாருக்கும் தெரியும். ஓட்டோக்காரர். ஞாயிறு காலையில் எல்கடுவப் பாதையிலிருந்து சபையாரை ஏற்றிக்கொண்டு வந்து இறக்குவார். ஆராதனை முடிகிறவரை வெளியே ஓட்டோவில் கால் நீட்டிப் படுத்திருப்பார். பிறகு ஏற்றிக்கொண்டு போவார். அப்படிக் கிடந்த நேரத்துக்கும் சேர்த்து வெயிட்டிங் வாங்குவார். பன்னிரண்டு வருஷத்தில் ஒருநாளும் ஆராதனைக்கு வாசற்படி ஏறியதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை நான் மைப்பெட்டிக்கு மை ஊற்றிக்கொண்டிருந்தபோது வந்து நின்றார்.

"உபதேசியாரே, எனக்கு எத்தன கோழி இருக்கு?"

"ஒண்ணுமில்ல."

"முட்ட கூடவா இல்ல?"

"சாலமன், என்ன விஷயம்?"

அவர் வாங்கில் உட்கார்ந்தார். விளையாட்டு முகத்தைவிட்டு இறங்கிவிட்டது. "இன்னும் ஏழு கெழமையில ஷெரினுக்குக் கல்யாணம். நக கேக்கல, சாரி கேக்கல. 'அப்பா, நீங்க கையப் புடிச்சிக் கூட்டிட்டு வாங்க'ன்னு அது ஒண்ணுதான் கேட்டா. ஐயாகிட்ட போனா, அட்ட எங்கன்னு கேக்குறாரு. எம் மச்சான் பீட்டருக்கு நாப்பத்து மூணு இருக்காம். மாமங்காரன் கூட்டிட்டு வரட்டும்ங்கிறாரு. அவனும் நானும் எட்டு வருஷமா பேச்சுவார்த்த இல்ல. எம் புள்ளைய அவன் கூட்டிட்டு வர, நான் வெளிய ஓட்டோல படுத்திருக்கவா?"

நான் சிந்திய மையைத் துடைத்தேன்.

"ஒண்ணு கேக்குறேன். ஒங்க ஒலிபெருக்கி என் பக்கம்தான திரும்பியிருக்கு? பன்னெண்டு வருஷமா கேக்குறேன். நம்ம ஒண்ணுஞ் செஞ்சி சம்பாதிக்க ஏலாது, அவரு சும்மா குடுக்குறாருன்னு ஐயா தொண்ட கிழியச் சொல்றாரு. அப்ப இந்தக் கோழி எதுக்கு?"

"அது மோட்சத்துக்கு," என்றேன். "இது கல்யாணத்துக்கு."

"அப்ப மோட்சத்துக்குள்ள போறது லேசு. பலாபத்வல சர்ச்சுக்குள்ள போறதுதான் கஷ்டம்."

உள்ளே நூறு பேர் இருந்தும் பிரசங்கத்தைப் புரிந்துகொண்டவர் வெளியே படுத்திருந்த இவர் ஒருவர்தான் என்று அப்போது எனக்குத் தோன்றியது. ஆனால் முத்திரை என் கையில் இருந்தது. ஆகவே போதகரிடம் கூட்டிப்போனேன். போதகர் பென்சிலை எடுத்துக் கணக்குப் பார்த்தார். ஏழு கிழமை, நாற்பது முத்திரை, வாரத்துக்கு ஆறு. "முடியாத காரியம் அல்ல. ஆரம்பியும்," என்றார்.

சாலமன் ஆரம்பித்தார்.

முதல் கிழமை கூட்டினார், பூ கொண்டுவந்தார், வாங்கு துடைத்தார், ஆறு கோழி. அட்டையை என்னிடம் நம்பிக் கொடுக்காமல் ஓட்டோவின் வெயில் தட்டியில் செருகி வைத்துக்கொண்டார். இரண்டாம் கிழமை கல்லறை மதிலுக்கு வெள்ளையடிக்கிறேன் என்றார். மதிலுக்கு இந்தப் பக்கம் எங்கள் கல்லறை, அந்தப் பக்கம் வியாபாரி ஹாஜியாரின் மிளகுக் களஞ்சியம். சாலமன் கேட்டைச் சுற்றிப்போகச் சோம்பல்பட்டு அந்தப் பக்கத்தில் தொடங்கி, அந்தப் பக்கத்திலேயே முடித்து, சுண்ணாம்பு மீதியிருந்ததால் களஞ்சியத்தின் முன்சுவரையும் அடித்துவிட்டார். சாயங்காலம் ஹாஜியார் என்னைத் தேடி வந்தார்.

"உபதேசியார், ஒங்கட ஆளு நல்ல மனிசன். நாங்க கேக்கவுமில்ல, அவரு செஞ்சி தந்திட்டாரு. அல்ஹம்துலில்லாஹ்."

"அது வந்து, ஹாஜியார், ஒரு சின்னத் தவறு..."

"தவறா? வெள்ளையா இருக்கு, நல்லா இருக்கு. தந்தா வாங்கிக்க வேண்டியதுதானே," என்று ஒரு சட்டி தித்திக்கும் வட்டலப்பத்தை என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

வட்டலப்பத்தைப் போதகரும் நானும் சாப்பிட்டோம். பிறகு போதகர், பயன் வேறு மார்க்கத்தாருக்குப் போனதாலும் நம்முடைய சுண்ணாம்பு தீர்ந்துபோனதாலும் நான்கு கோழியை இரத்துச் செய்யும்படி சொன்னார். அதற்கு நான் சிவப்பு மையில் குறுக்குக்கோடு போட வேண்டும். போட்டேன். விரலில் இன்னும் சர்க்கரைப் பாகு ஒட்டியிருந்தது.

மூன்றாம் கிழமை மணியடித்தார். உற்சாகம் மிஞ்சி கயிறு அறுந்து கையோடு வந்துவிட்டது. நான்காம் கிழமை போதகருடைய வீட்டு வளவைத் துப்புரவாக்கி, களை என்று நினைத்து அவர் மூன்று வருஷமாக வளர்த்த வெற்றிலைக் கொடியையும் துப்புரவாக்கினார். நடுவில் நல்ல வேலையும் செய்தார், இல்லை என்று சொல்லமாட்டேன். ஐந்தாம் கிழமை முடிவில் கூட்டிப் பார்த்தோம்: பெற்றது ஒன்பது, இரத்தானது பதினொன்று. கணக்கு மைனஸ் இரண்டு. பன்னிரண்டு விதியிலும் மைனஸுக்கு இடமில்லை. போதகர் அட்டையின் இடது பக்கம் இரண்டு கட்டம் கூடுதலாக வரையச் சொன்னார். அடிமட்டம் கொடுத்தார். வரைந்தேன்.

"செய்யச் செய்யக் கொறையுதே உபதேசியாரே," என்றார் சாலமன். "சும்மா கெடந்தப்ப சைபர்லயாவது இருந்தேன்."

ஆறாம் கிழமை, ஒரேயடியாகப் பத்துக் கோழி தரும் வேலை கேட்டார். கூரை துப்புரவு பத்து. ஏறினார், மழைத்தண்ணீர்ப் பீலியில் அடைத்திருந்த இலைகளை அள்ளினார், செபமேடைக்கு மேலே ஒன்றும் வஸ்திர அறைக்கு மேலே ஒன்றுமாக இரண்டு ஓடுகளைக் கழற்றி வைத்துவிட்டு, ஓட்டோவுக்கு ஒரு ஹயர் வந்ததால் இறங்கிப் போனார். திரும்பி வர மறந்துவிட்டார். அன்று மழை, மாத்தளைப் பக்கத்து மழைதான், சுருக்கமாகப் பெய்யத் தெரியாதது.

மறுநாள் காலையில் வஸ்திர அறை அலமாரியைத் திறந்தேன். நூற்றுப் பன்னிரண்டு ஊழிய அட்டைகள் ஒரே நீலக் களியாக இருந்தன. கோழிகள் கரைந்து ஒன்றோடொன்று கலந்து ஓடியிருந்தன. எஸ்தர் அக்காவின் நூறு கோழியும் பீட்டரின் நாற்பத்து மூன்றும் எது யாருடையது என்று பரலோகத்தில்கூடச் சொல்ல முடியாது. அழியாமல் எஞ்சியது ஓட்டோவில் இருந்த ஒரே அட்டை. ஆக, அன்று காலையில் எங்கள் சபையாரின் மொத்த நற்கிரியைகளும் சாலமனுடைய மைனஸ் இரண்டுதான்.

போதகர் கத்தவில்லை. ஈர அட்டை ஒன்றை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கீழே வைத்தார். சாலமன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கதவோரம் நின்றார். கல்யாணத்துக்கு எட்டு நாள்.

"தகரப் பெட்டியைத் திறவும்," என்றார் போதகர் என்னிடம். "பழைய பதிவேடு நனைந்திருக்காது. யார் யார் திடப்படுத்தப்பட்ட அங்கத்தவர் என்று பார்த்து அதிலிருந்து புதிதாகத் தொடங்குவோம்."

என் வாழ்க்கையில் நான் திறக்க விரும்பாத ஒரே பெட்டி அதுதான். திறந்தேன்.

திடப்படுத்தல் என்பது, குழந்தையில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் வளர்ந்தபின் பேராயர் தலையில் கைவைத்து ஜெபிப்பது. அதற்குப் பிறகுதான் முழு அங்கத்தவர். அதற்குப் பிறகுதான் திருவிருந்து. போதகர் பக்கங்களைப் புரட்டினார். எல்கடுவப் பக்கம் வந்தது. ஒவ்வொரு பெயராகப் பென்சில் முனையால் தொட்டு வாசித்துக்கொண்டு போனார். பதின்மூன்றில் நின்றார்.

"சாலமன். இது நீரா?"

"நான்தாங்க. அண்ணனோட சப்பாத்து போட்டுக்கிட்டுப் போனேன், ரெண்டு சைஸ் பெருசு."

போதகர் பென்சிலைக் கீழே நகர்த்தினார். பதினான்கு என்று இலக்கம் போட்டிருந்தது. எதிரே ஒன்றும் இல்லை. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இது உம்முடைய கையெழுத்தல்லவா?"

"ஆமாங்க ஐயா."

"பதினான்கு யார்?"

முப்பத்து நான்கு வருஷமாக நான் எதிர்பார்த்த கேள்வி. எதிர்பார்த்த இடத்தில் வராததால் உண்மை வாயில் வந்துவிட்டது.

எனக்கு அப்போது பதினாறு வயது, திடப்படுத்தலுக்காக வேறு தோட்டத்திலிருந்து வந்திருந்தேன். எல்கடுவச் சிற்றாலயத்தின் தகரக் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. பேராயர் முழங்காலில் நின்றவர்களின் வரிசையில் ஒவ்வொரு தலையாகக் கைவைத்துக்கொண்டு வந்தார்; அவர் தலையில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. வரிசையில் நான்தான் உயரம். பழைய போதகர் என்னைத் தட்டியெழுப்பி, குடையைக் கையில் கொடுத்தார். பேராயர் நகர நான் குடையோடு நகர்ந்தேன். முதலாம் தலை, இரண்டாம் தலை, பதின்மூன்றாம் தலை. வரிசை முடிந்தது. பேராயர் திரும்பி, "நல்ல வேலை செய்தாய் மகனே," என்று என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார். என் கையெழுத்து அழகு என்று பதிவேட்டையும் என்னையே எழுதச் சொன்னார்கள். என் இலக்கம் வந்ததும் பேனையை வைத்துக்கொண்டு நின்றேன். எழுதினால் பொய். கேட்டால் வெட்கம். வெற்றிடம் விட்டேன். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் யாரோ வாங்கு தூக்கச் சொன்னார்கள். அதற்குப் பிறகு எனக்கு வேலையில்லாத நாளே வரவில்லை. வராமல் பார்த்துக்கொண்டேன் என்பதே சரி.

"கை குலுக்கினாரா?" என்றார் போதகர். அவர் அதை உண்மையாகவே ஒரு வாய்ப்பாக ஆராய்ந்தார் என்று நினைக்கிறேன். "கை வைத்தது என்று அதை..."

"தலையில இல்லங்க ஐயா."

சாலமன் என்னை உற்றுப் பார்த்தார். "அடேயப்பா! அந்தக் கொடக்காரன் நீங்களா? எங் கழுத்துக்குள்ள தண்ணி ஊத்துனது நீங்கதானா?"

"ஐயா," என்றேன், "நான் வெலகிக்கிறேன். அதுக்கு முந்தி புது அட்ட எல்லாம் எழுதிக் குடுத்துட்டுப் போறேன். கூரைய..."

"ஒன்றும் செய்யாதேயும்!" என்றார் போதகர். குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு தரம்தான்.

அவர் உட்கார்ந்தார். மேசையில் ஒரு பக்கம் நீலக் களி. ஒரு பக்கம் பதிவேடு. அதில் ஒன்றுமே செய்யாத சாலமன் உள்ளே இருந்தார். எல்லாவற்றையும் செய்த நான் வெளியே இருந்தேன். போதகர் ஒரு தரம் செருமினார். இரண்டு தரம் செருமினார். மூன்றாவது தரமும் செருமினார். அந்தச் சொல் வரவில்லை. ஒலிபெருக்கி இல்லாமல் அவர் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. கடைசியில் சாலமனைப் பார்த்து, "உம்முடைய மகளை நீரே அழைத்துக்கொண்டு வாரும்," என்றார்.

"அப்ப அந்த மைனஸ் ரெண்டு?"

"இங்கே கொடும்."

சாலமன் ஓட்டோவுக்கு ஓடிப்போய் அட்டையைக் கொண்டுவந்தார். போதகர் அதை வாங்கி, நனைந்த அட்டைக் குவியலின் நடுவில் செருகினார். நீலம் மெதுவாக அதன் மேலும் ஏறியது.

"உபதேசியாருக்கு எத்தன கோழிங்க ஐயா?" என்று கேட்டார் சாலமன்.

"இவருக்குக் கோழி வேண்டாம். கல்யாணத்துக்குப் பேராயர் வருகிறார். அதற்கு முன்னால் இவர் முழங்காலில் நின்றால் போதும்." என் முழங்கால்களைப் பற்றி அவருக்குத் தெரியாது.

கல்யாண நாள் வரை கூரை அப்படியே இருந்தது. சாலமனைக் கூரைப் பக்கம் விடவில்லை. ஓடு போடுகிற மேஸ்திரியான பாஸ் ஒவ்வொரு நாளும் "ஹெட்ட எனவா" என்று சிங்களத்தில் நாளையைக் காட்டிக்கொண்டே இருந்தார். எனவே மழை எங்களுக்கு முன்னால் வந்து செபமேடையருகே காத்திருந்தது.

நேரத்தோடு வந்த விருந்தாளிகள் முன்னால், ஐம்பது வயதில், நான் தனியாக முழங்காலில் நின்றேன். புதிய பேராயர் அருகே வந்தார். முதல் சொட்டு அவர் தலையில் விழுந்தது. இரண்டாவது விழுந்தது. வாங்கின் கீழே ஒரு குடை கிடந்தது எனக்குத் தெரியும், நான்தான் வைத்திருந்தேன். என் வலது கை என்னைக் கேட்காமலே அதை நோக்கிப் போனது. ஒரு முழங்காலை உயர்த்தியும்விட்டேன்.

யாரோ என் தோளை அழுத்தி மறுபடி முழங்காலில் நிறுத்தினார்கள். வாடகைக் கோட்டுப் போட்ட சாலமன். குடையை எடுத்து விரித்துப் பேராயர் தலைக்கு மேலே பிடித்தார். பழக்கமில்லாததால் தண்ணீர் முழுவதும் அவருடைய தோளிலேயே வழிந்தது. குனிந்து என் காதில் சொன்னார்:

"சும்மா இருங்க உபதேசியாரே. ஒரு தடவையாச்சும் சும்மா இருங்க."

இருந்தேன். தலையில் ஒரு கை வந்து அமர்ந்தது, சூடாக, எதிர்பார்த்ததைவிடப் பாரமாக. அவ்வளவுதான். நான் வேறொன்றும் செய்யவில்லை. முப்பத்து மூன்று வருஷ ஊழியத்தில் அதைவிடக் கஷ்டமான வேலையை நான் செய்ததில்லை.

அரை மணித்தியாலம் கழித்து அதே சாலமன், ஒரு தோள் முழுக்க நனைந்த கோட்டோடு, ஷெரினின் கையைப் பிடித்துக்கொண்டு வாசற்படி ஏறினார். ஒரு வேலைக்காகவும் அல்லாமல் ஏறியது பன்னிரண்டு வருஷத்தில் அதுதான் முதல் தரம். ஹயர் போகிற வேகத்தில் நடந்தார். "அப்பா, மெதுவா," என்றாள் அவள். நடுவில் ஒரு தரம் நின்று, யாழ்ப்பாண ரோட்டைக் கடக்கிறவர் மாதிரி இரண்டு பக்கமும் பார்த்தார். இடது பக்கம் மச்சான் பீட்டர் இருந்தார். பீட்டர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, தன் பக்கத்தில் இடம் விட்டார்.

முத்திரை இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. புதிய போதகர் விரும்பினால் வந்து பார்க்கலாம். கியூஆர் கோட்டுக்கு முன்னால் என் தொலைபேசியைக் காட்டுவதில்லை. பழைய நொக்கியா, அதற்குக் கண் கிடையாது. சாலமன் மகளின் கல்யாணத்துக்குப் பிறகு ஒருநாளும் உள்ளே வரவில்லை. ஒலிபெருக்கி அவர் பக்கம்தான் திரும்பியிருக்கிறது. போன ஞாயிறும் நான் நொண்டிக்கொண்டு வெளியே வந்தபோது ஓட்டோவில் எழுந்து உட்கார்ந்தார்.

"புது ஐயாவும் அதேதான் சொல்றாரு போல?"

"அதேதான்."

"அப்ப சரி. ஏறுங்க."

ஏறினேன். வெயிட்டிங்கையும் சேர்த்துத்தான் வாங்கினார்.